டைல் ஒட்டுறதுக்கு முதல்: பாத்ரூம் லைட் வயரிங்

பாத்ரூமை உடைத்துப் புதுசாக்கும்போது லைட்டைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். கொமட், டைல், ஷவர் எல்லாம் தெரிவு செய்து, மேசன் டைலுக்கு கிரவுட்டும் இழுத்து முடித்த பிறகு, "இனி லைட்டைப் போடலாம்" என்று எலக்ட்ரிசியனைக் கூப்பிடுவார்கள். அப்போது அவருக்கு இருப்பது இரண்டு வழி. புது டைலை வெட்டலாம். இல்லாவிட்டால் டைலுக்கு மேலே வெள்ளைக் கேசிங் அடித்து வயரைக் கொண்டுபோகலாம். இரண்டும் பார்க்கக் கண்றாவி. இரண்டாவது ஈரத்துக்கும் ஆகாது. லைட்டை மாட்டுவது அரை மணித்தியால வேலை. அதற்கான குழாயும் பொக்ஸும் சுவர் வெறும் கல்லாக நிற்கும்போதே உள்ளே போயிருக்க வேண்டும்.

திருகோணமலைக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கடலோரமாக இருக்கிற வீடுகளில் காற்றோடு உப்பும் வீட்டுக்குள் வரும். பித்தளை டெர்மினல் பச்சை பிடிக்கும், சாதாரண இரும்பு ஸ்க்ரூவின் தலை கரைந்து ஸ்க்ரூட்ரைவரே பிடிக்காமல் போகும். மார்கழியில் வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போது வடகிழக்குச் சுவரும் கிரில் கல்லும் நனைந்தபடியே கிடக்கும். கொழும்பில் ஐந்து வருடம் நிற்கிற அதே லைட் இங்கே அந்தளவு நிற்காமல் போவதற்கு லைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் ஸ்க்ரூவையும் மூடியையும் முதலில் பார்க்க வேண்டும்.

லைட்டை வாங்கும்போது வாட்டுக்கு முதல் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது அதுதான். ஐ.பி. 44 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். பாத்ரூமுக்குக் குறைந்தபட்சம் அதுதான். ஷவருக்கு நேர் மேலே என்றால் ஐ.பி. 65 எடுங்கள். இதில் ஒரு சூட்சுமம்: சீலிங்குக்குள் இறக்குகிற டவுன்லைட்டில் ஐ.பி. 65 என்று போட்டிருந்தால், பல வேளை அது முகப்புக்கு மட்டும்தான். பின்னால் வயரில் தொங்கும் ட்ரைவருக்கு, அதாவது எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டிக்கு, அந்தப் பாதுகாப்பு கிடையாது. கூரையில் ஒழுக்கு இருந்தால் முகப்புக் கண்ணாடி பளபளக்க, மேலே ட்ரைவர் நனைந்து செத்துப்போயிருக்கும். உடல் அலுமினியத்தை விட பொலிகார்பனேற்றாக இருந்தால் கடலோரத்துக்கு நல்லது. கூட வருகிற ஸ்க்ரூக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். கடலுக்குக் கிட்ட என்றால் 304ஐ விட 316 தரம் கிடைத்தால் எடுங்கள்.

வெளிச்சம் எவ்வளவு வேண்டும்? 5 அடிக்கு 8 அடி பாத்ரூம் என்றால் கிட்டத்தட்ட 3.7 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 200 லுமென் என்று வைத்தால் 750 லுமென் போதும். ஒரு 9 வாட் எல்.ஈ.டி. அதைத் தரும். கறுத்த டைல் ஒட்டுகிறவர்கள் 12 வாட்டுக்குப் போகலாம். கடைகளில் கேட்காமலே எடுத்துத் தருவது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. கண்ணாடிக்கு மேலே அதைப் போட்டால் காலையில் முகம் காய்ச்சல்காரர் மாதிரித் தெரியும். 4000 கெல்வின் கேட்டு வாங்கினால் ஷேவ் எடுக்கிறவருக்கும் பொட்டு வைக்கிறவருக்கும் உதவி.

அடுத்தது இடம். இலங்கையில் வீட்டு வயரிங் பிரித்தானிய பி.எஸ். 7671 விதிகளை ஒட்டியே நடக்கிறது. அதன்படி, தொட்டியில்லாத ஷவர் என்றால் தண்ணீர் வரும் வாயிலிருந்து கிடையாக 1.2 மீற்றருக்குள், தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரைக்கும் உள்ள இடம் ஈர வலயம். மேலே சொன்ன 5க்கு 8 பாத்ரூமில் ஷவர் கடைசிச் சுவரில் இருந்தால் அறையில் பாதி அதற்குள் போய்விடும். சுவிச், பிளக் பேஸ், சாதாரண ஹோல்டர் எதுவும் அங்கே வரக்கூடாது. சுவிச்சைக் கதவுக்கு வெளியே, 1.2 மீற்றர் உயரத்தில் வைப்பதுதான் நம்மிடம் வழக்கம். அந்த வழக்கம் நல்ல வழக்கம், மாற்ற வேண்டாம். பேசினைச் சுற்றி இந்த வலயக் கணக்குக் கிடையாது. ஆகவே பேசின் ஷவரிலிருந்து 1.2 மீற்றருக்கு அப்பால் இருந்தால் கண்ணாடி லைட்டைத் தரையிலிருந்து 2 மீற்றரில் தாராளமாக வைக்கலாம். பேசினையும் ஷவரையும் அடுத்தடுத்து நெருக்கி வைத்த பாத்ரூமில் அந்த லைட்டிலும் ஐ.பி. 44ஐ ஒருபோதும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனிச் சுவர். இங்கே உள்சுவர் பெரும்பாலும் 4 அங்குல சீமெந்துக் கல். அதில் நிமிர்த்தி வெட்டும் பள்ளம் சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது. கிடையாக வெட்டினால் ஆறில் ஒன்றுதான். 100 மில்லிமீற்றர் கல்லில் நிமிர்ந்த பள்ளம் 33 மில்லிமீற்றர் போகலாம், கிடைப் பள்ளம் 16 தான். வயர் போகிற 20 மில்லிமீற்றர் கொண்டியூட் குழாய் கிடையாகப் போகவே முடியாது என்பது இதிலேயே தெரிகிறது. அப்படியிருந்தும் சுவிச்சிலிருந்து கண்ணாடி லைட்டுக்குக் குறுக்கே நேராக வெட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். பொள்ளல் கல் என்றால் வெட்டிய இடம் அப்படியே உள்ளே விழும். சுவிச்சிலிருந்து நேரே மேலே சீலிங்குக்கு ஏறி, சீலிங்குக்கு மேலால் போய், லைட் இருக்கிற இடத்துக்கு நேர் மேலிருந்து இறங்குங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: சுவரில் வயர் எங்கே இருக்கிறது என்று பத்து வருடம் கழித்துத் துவாய்க் கம்பிக்குத் துளை போடுகிறவருக்கும் தெரியும். சுவிச்சுக்கு மேலே, லைட்டுக்கு மேலே, வேறெங்கும் இல்லை.

மேசனும் எலக்ட்ரிசியனும் முட்டிக்கொள்ளும் இடம் பொக்ஸின் ஆழம்.

"தம்பி, பொக்ஸை எவ்வளவு வெளியில நிப்பாட்டுறது?"

"டைல் எத்தனை மில்லி அண்ணன்? சாந்தோட சேர்த்துச் சொல்லுங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சு நடக்காத வீட்டில்தான் பிளேட் ஆடும். சுவர் டைல் 8 முதல் 10 மில்லிமீற்றர் இருக்கும். ஒட்டுப் பசை 3 முதல் 5. பசையில்லாமல் சீமெந்துச் சாந்தில் ஒட்டினால் 12, 15 வரை போகும். பசை என்றால் சமப்படுத்தும் பூச்சு தனியாக அடியில் வரும். எல்லாவற்றையும் கூட்டி, பொக்ஸின் வாய் டைலின் முகத்தோடு சமமாக, அல்லது 2 மில்லிமீற்றர் உள்ளே நிற்குமாறு வையுங்கள். அளக்கச் சுலபமான வழி: வாங்கிய டைலில் ஒரு துண்டு, அதன் கீழ் சாந்துத் தடிப்புக்கு ஒரு பலகைத் துண்டு, இரண்டையும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பொக்ஸைப் பொருத்துவது. பொக்ஸ் 20 மில்லிமீற்றர் உள்ளே புதைந்துவிட்டால் பிளேட்டோடு வரும் ஸ்க்ரூ எட்டாது. 50 மில்லிமீற்றர் ஸ்க்ரூ தேட வேண்டும். வெளியே தள்ளி நின்றால் அதுக்கும் மருந்தில்லை. பிளேட்டுக்கும் டைலுக்கும் நடுவே வாய் பிளந்து நிற்கும், பல்லிக்கு வாசல் திறந்த மாதிரி. சுவருக்குள் புதைக்கும் 3க்கு 3 அங்குல சன்க் பொக்ஸ் எடுக்கும்போது 35 மில்லிமீற்றருக்குப் பதில் 47 மில்லிமீற்றர் ஆழமானதை எடுங்கள், இரண்டு சுவிச் வந்தாலும் வயர் மடிய இடமிருக்கும். 47 புதைய 4 அங்குலக் கல் போதுமா என்றால், வாயில் 20 வரை டைலுக்கும் சாந்துக்கும் போய்விடும்; கல்லுக்குள் 27 அளவில்தான்.

குழாய் போட்ட அன்றே வாயை அடையுங்கள், கடதாசி திணித்து மேலே டேப். மறந்தால் ஒன்றில் சாந்து போகும், அல்லது குளவி போய் மண்கூடு கட்டும். காய்ந்த குளவிக்கூட்டுக்குள் வயர் இழுப்பது என்னவென்று இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூசுவதற்கு முதல் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா தெரிய ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

சாமான் கணக்கு. சீலிங் 2.6 மீற்றர் உயரம், நடுவில் ஒரு லைட், கண்ணாடிக்கு மேலே ஒரு லைட், கதவுக்கு வெளியே இரண்டு சுவிச் என்று வைப்போம். சுவிச்சிலிருந்து சீலிங் 1.4 மீற்றர், அங்கிருந்து நடுவுக்கு 1.2, நடுவிலிருந்து கண்ணாடிப் பக்கம் போய் இறங்க 1.8. மொத்தம் 4.4, 20 மில்லிமீற்றர் கொண்டியூட் 6 மீற்றர் வாங்கினால் வெட்டுக்கழிவும் அடங்கும். வயர் 1/1.13, அதாவது 1 சதுர மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி. சுவிச் பொக்ஸிலிருந்து சீலிங் நடுவுக்கு நாலு வயர்: இரண்டு லைட்டுக்கும் தனித்தனி லைவ், ஒரு நியூட்ரல், ஒரு ஏர்த். ஒவ்வொன்றும் முனைக்கு விட்டதோடு 3 மீற்றர், மொத்தம் 12. நடுவிலிருந்து கண்ணாடிக்கு மூன்று வயர், 2.5 மீற்றர் வீதம் 7.5. ஆக 20 மீற்றர். இதற்கு மேலே, பிரேக்கர்கள் இருக்கிற டிபி பெட்டியிலிருந்து சுவிச்சுக்கு வரும் மூன்று வயரையும் உங்கள் வீட்டுத் தூரத்துக்கு அளந்து கொள்ளுங்கள். 7/0.67 வயரைப் போட்டால் இன்னும் பலமென்று சிலர் நினைப்பார்கள். அது 2.5 சதுர மில்லிமீற்றர், பிளக் பேஸுக்கு உரியது. லைட்டின் சின்ன டெர்மினலுக்குள் நுழையாமல் இரண்டு இழையை வெட்டிவிட்டு மிச்சத்தை நுழைப்பார்கள். லைட் சேர்க்கிட்டுக்கு 6 அம்பியர் பிரேக்கர் போதும்.

நிறம்: புது வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த். பழைய வீட்டில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். பழையதும் புதியதும் சேரும் பொக்ஸில் இதை எழுதி ஒட்டி வைப்பது நல்லது. ஆனால் பழைய வீட்டில் நிறத்தை நம்பி எதையும் தொட வேண்டாம். கறுப்பு வயர் சுவிச்சுக்குள் போய் லைவாகத் திரும்பி வருவது சர்வ சாதாரணம். பழைய லைட் பொயின்ட்டுகளில் பலவற்றுக்கு ஏர்த்தே வந்திருக்காது, இரட்டை வயர் மட்டும்தான். லைட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அதற்கு ஏர்த் தேவையில்லை. என்றாலும் ஏர்த்தை இழுத்து, முனையைக் கொனெக்டரில் கட்டி விடுங்கள். நாளைக்கு வீட்டுக்காரர் அழகான பித்தளை லைட் ஒன்று வாங்கி வருவார்.

கரண்டை நிற்பாட்டும் விஷயத்தில் 2022க்குப் பிறகு ஒரு புது ஆபத்து சேர்ந்திருக்கிறது. அந்த வருடம் மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பற்றரியோடு இன்வேர்ட்டர் பூட்டினார்கள். அதை லைட் சேர்க்கிட்டுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். மெயின் சுவிச்சை இறக்கியவுடன் இன்வேர்ட்டர் மின்வெட்டு என்று நினைத்து லைட் வயருக்குள் 230 வோல்ட்டை அனுப்பும். ஆகவே மெயின், பிரேக்கர், இன்வேர்ட்டர் மூன்றையும் இறக்கி, பிரேக்கருக்கு மேலே டேப் ஒட்டுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூட்ரைவரை மட்டும் நம்ப வேண்டாம். மர ஏணியில் நின்றால் லைவ் வயரிலும் அதன் நியோன் எரியாமல் இருக்கலாம். மல்டிமீற்றரை முதலில் கரண்ட் இருக்கிற பிளக் பேஸில் (மெயின் இறங்கியிருப்பதால் பக்கத்து வீட்டில்) வைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு வயரில், பிறகு திரும்பவும் பிளக் பேஸில். டிபி பெட்டிக்குள் செய்யும் இணைப்பை தேசியத் தொழில் தகைமை (என்.வி.கியூ.) சான்றிதழ் உள்ள எலக்ட்ரிசியனிடம் விடுங்கள். குழாய், பொக்ஸ், வயர் இழுப்பு வரை கைவேலை தெரிந்த யாரும் செய்யலாம்.

இணைப்பில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பாதி 'மினுங்குது' முறைப்பாடு இதிலிருந்துதான் வருகிறது. 1/1.13 ஒற்றைக் கம்பி சுவிச் டெர்மினலின் துளைக்குள் தளர்வாகவே நிற்கும். ஸ்க்ரூவை இறுக்கினால் கம்பி ஒரு பக்கம் நழுவும். 16 மில்லிமீற்றர் தோலுரித்து, நடுவில் மடித்து இரட்டையாக்கி, மடிப்பைக் குறட்டால் நெருக்கி உள்ளே விடுங்கள். ஸ்க்ரூ நடுவில் கடிக்கும். இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். சீலிங்குக்கு மேலே முறுக்கி டேப் சுற்றுகிற இணைப்பு வேண்டாம். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அடிக்கிற நாளில் சீற்றுக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் கை வைத்துப் பாருங்கள், அடுப்பங்கரை தோற்றுவிடும். டேப்பின் பசை உருகி வழிந்து, டேப் தானாக அவிழும். மூடியுள்ள ஜங்ஷன் பொக்ஸுக்குள் லீவர் கொனெக்டர் வைப்பது ஐந்து நிமிட வேலை. அதே வெக்கைக்காகத்தான் ட்ரைவரையும் பி.வி.சி. சீலிங் பலகையின் மேல் படுக்க வைக்காமல், பக்கத்து மரச்சட்டத்தில் பூட்டச் சொல்வது. பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றுச் சீலிங் என்றால் டவுன்லைட்டுக்கு வட்டம் வெட்டும் எண்ணத்தையே விடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. மரச்சட்டத்துக்கு நேர் கீழே, சீலிங்கின் முகத்தில் பூட்டும் வகை லைட்டைப் போட்டால் ஒரு வயர்த் துளையோடு முடியும்; அதையும் சீற்றை நனைத்து, கைத்துளைப்பானால், முகக்கவசத்தோடு.

டைல் சுவரில் கண்ணாடி லைட் பூட்ட டயமன்ட் முனை, தண்ணீர், ஹாமர் போடாத ட்ரில். டைல் விளிம்பிலிருந்து 3 சென்றிமீற்றராவது தள்ளித் துளையுங்கள். வயர் லைட்டுக்குள் நுழையுமுன் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டால் வயரோடு வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பிறகு சிலிக்கன். லைட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் மட்டும் பூசுங்கள், கீழ் விளிம்பைத் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் பூசினால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் ஈரக்காற்று உள்ளே போய் இரவில் குளிர்ந்து தண்ணீராகும், அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கவருக்குள் அரை அங்குலம் தண்ணீரோடு எரிகிற லைட்டுகளில் அதிகமானவை நாலு பக்கமும் அழகாகச் சிலிக்கன் பூசப்பட்டவை.

கரண்ட் கொடுக்குமுன், வயரின் காப்பு உறையைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் மீற்றரால் வயருக்கும் ஏர்த்துக்கும் இடையே பாருங்கள். எல்.ஈ.டி. ட்ரைவரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். இல்லாவிட்டால் ட்ரைவர் போய்விடும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் கரண்ட் கொடுக்கக்கூடாது. புது வயரில் நூற்றுக்கணக்கில் வர வேண்டும். 3, 4 என்று வந்தால் எங்கோ ஸ்க்ரூ வயரைக் கடித்திருக்கிறது, அல்லது குழாயில் தண்ணீர்.

கரண்ட் கொடுத்த பிறகு வரும் கோளாறுகள் சில. சுவிச்சை நிற்பாட்டியும் லைட் மங்கலாக எரிந்தால், சுவிச் நியூட்ரலில் பூட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் அணைந்த லைட்டிலும் லைவ் நிற்கிறது. பல்ப் மாற்றுகிறவரின் ஈரக்கை அதில் படும். லைட்டைப் போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுந்தால், நியூட்ரல் எட்டவில்லை என்று யாரோ ஏர்த்தை நியூட்ரலாகப் பாவித்திருக்கக்கூடும். 9 வாட் லைட்டே குறைந்தது 39 மில்லியம்பியர் இழுக்கும், ஏர்த்துக்கு 30 மில்லியம்பியர் கசிந்தாலே விழுகிற ட்ரிப் சுவிச் எப்படி நிற்கும்? வீட்டில் இரண்டு ட்ரிப் சுவிச் இருந்தால், லைவ் ஒன்றிலிருந்தும் நியூட்ரல் மற்றதிலிருந்தும் வந்தாலும் இதே கதை. மழைக்கு மட்டும் விழுகிறதென்றால் வெளிச்சுவரில் உள்ள பொக்ஸைத் திறந்து பாருங்கள். எந்தக் காரணமானாலும் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரே இணைத்துவிடுகிற 'தற்காலிக' வேலைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது விழுந்தால் ஏர்த் நல்லதென்று அர்த்தமில்லை; ஏர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டன் வேலை செய்யும். நம் வீடுகளுக்கு ஏர்த் என்பது முற்றத்தில் அடித்த கம்பிதான். கடற்கரை மணலில் ஆடி, ஆவணிக்குள் ஈரம் கீழே இறங்க, ஏர்த்தின் தடை ஏறும். 200 ஓமைத் தாண்டினால் அதை நிலையான ஏர்த் என்று எடுக்க முடியாது. அளக்கிறதானால் மழைக்குப் பிறகு அளக்காதீர்கள், கச்சான் காலக் கடைசியில் அளவுங்கள். கூடினால் முதல் கம்பியிலிருந்து தள்ளி இரண்டாவது கம்பி ஒன்று அடித்துச் சேர்க்கலாம். பாத்ரூம் உடைக்கிற நேரம் கழிவுக் குழாய்க்கு வெளியே குழி தோண்டுவார்கள்தானே, அந்தக் குழியின் அடியிலிருந்து அடித்தால் நாலடி ஆழம் சும்மா கிடைக்கும்.